வீட்டிலிருந்தே வானம் பார்க்க: முதலில் மென்பொருள், அப்புறம்தான் தொலைநோக்கி

கேள்வி சுருக்கமாக இதுதான்: நகர வெளிச்சத்துக்கு நடுவே இருக்கும் வீட்டில், மாடியிலோ பால்கனியிலோ வைத்து வானம் பார்க்க என்ன தொலைநோக்கி வாங்கலாம்? கணினியிலும் கைபேசியிலும் என்ன மென்பொருள் வேண்டும்? தானே தேடித் தானே படம் எடுக்கும் ஸ்மார்ட் தொலைநோக்கி ஒன்றை வாங்கிவிட்டால் மற்றதெல்லாம் தேவையில்லையா?

வழக்கமாக இதற்குப் பதில் சொல்பவர்கள் தொலைநோக்கியில் தொடங்கி, கடைசியில் இரண்டு வரி மென்பொருளுக்கு ஒதுக்குவார்கள். நான் வரிசையை மாற்றுகிறேன். உங்கள் வீட்டிலிருந்து வானத்தின் எந்தப் பகுதி தெரிகிறது என்பது தெரியாமல் தொலைநோக்கி வாங்கினால், பாதிப் பேருக்கு அது பொருந்தாத கருவியாகத்தான் அமையும். அதைத் தெரிந்துகொள்ள ஒரு காசும் செலவில்லை.

ஸ்டெல்லேரியம் என்ற மென்பொருளைக் கணினியில் நிறுவுங்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். திறமூல மென்பொருள், இலவசம். 2000-ஆம் ஆண்டில் ஃபாபியன் ஷெரோ என்ற பிரெஞ்சு நிரலாளர் தொடங்கிய இது, 2022-ல்தான் 1.0 என்ற எண்ணுக்கு வந்தது. இருபது வருடம் பிழை திருத்திய பிறகு 'முதல் பதிப்பு' என்று வெளியிட்ட பொறுமையே அதன் தரத்துக்குச் சான்று. நிறுவியதும் உங்கள் இடத்தைக் கொடுங்கள். அப்புறம் பலரும் செய்யாத ஒரு வேலையைச் செய்யுங்கள்: அதனுடன் வரும் புல்வெளிக் காட்சியை நீக்கிவிட்டு, உங்கள் வீட்டின் அடிவானத்தை அதற்குள் போடுங்கள்.

இது கேட்பதற்குத்தான் பெரிய வேலை. தொலைநோக்கி வைக்கப்போகும் இடத்தில் நின்று, கைபேசியின் திசைகாட்டியையும் சாய்வுமானியையும் வைத்து, வடக்கிலிருந்து சுற்றிவர 10 பாகைக்கு ஒருமுறை, எதிரே இருக்கும் சுவரோ மரமோ எத்தனை பாகை உயரம் வரை மறைக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். திசை, உயரம் என்று இரண்டு நெடுவரிசையில் ஓர் எளிய உரைக்கோப்பு. அதைப் பலகோண நிலக்காட்சியாக ஸ்டெல்லேரியம் ஏற்றுக்கொள்ளும். (கைபேசித் திசைகாட்டி இரும்புக் கம்பிக்குப் பக்கத்தில் பொய் சொல்லும், நிலவோ சூரியனோ இருக்கும் திசையை வைத்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.) இப்போது நேரத்தை வேகமாக ஓட்டிப் பாருங்கள். இந்த வருடம் வியாழன் உங்கள் பக்கத்து மாடிக்கு மேலே எப்போது எட்டிப் பார்க்கும், சனி எத்தனை மணிக்குத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறையும், ஓரியன் நெபுலா எந்த மாதங்களில் கிடைக்கும், எது எப்போதுமே கிடைக்காது என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

இதிலிருந்து வாங்கும் முடிவுகள் தாமாகவே வரும். மேலே கூரை உள்ள பால்கனி என்றால் தலைக்கு மேலுள்ள வானம் கிடையாது. பூமத்திய ரேகைக்கு அருகில் வசிப்பவர்களுக்கு இது பெரிய இழப்பு. அவர்களுக்குக் கிரகங்கள் பல மாதங்கள் உச்சிக்குப் பக்கத்திலேயே போகும். பால்கனியில் கைப்பிடிச் சுவர் வேறு இருக்கும். தரையில் உட்காரும் டாப்சோனியன் வகைத் தொலைநோக்கி அங்கே சுவரைத்தான் பார்க்கும். முக்காலியில் உயர்ந்து நிற்கும் குட்டையான குழாய்தான் வேண்டும். துருவ நட்சத்திரம் இருக்கும் திசை அடைபட்டிருந்தால், அதைப் பார்த்து நேர்ப்படுத்த வேண்டிய ஈக்வடோரியல் மவுண்ட் (வானம் சுழலும் போக்கிலேயே தொலைநோக்கியைத் திருப்பும் தாங்கி) தொல்லையாகிவிடும். திறந்த மாடி, பெரிய தடை எதுவும் இல்லை என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. பெரிய குழாயைத் தூக்கிக்கொண்டு படியேற உங்களால் முடியுமா என்பது மட்டுமே மிச்சமிருக்கும் கேள்வி.

ஸ்டெல்லேரியத்தில் 'ஆக்குலர்ஸ்' என்றொரு செருகுநிரல் உண்டு. ஒரு தொலைநோக்கியின் குவியத் தூரத்தையும் ஐபீஸின் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) அளவையும் கொடுத்தால், அதில் எவ்வளவு வானம் தெரியும், சனி எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று வட்டம் போட்டுக் காட்டும். வாங்காத கருவியில் பார்த்துப் பழக இதைவிட நல்ல வழி இல்லை. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: அது காட்டும் அளவு சரியாக இருக்கும், பிரகாசமும் நிறமும் அப்படி இருக்காது. நெபுலாவைச் செக்கச் செவேலென்று திரையில் பார்த்துவிட்டு ஐபீஸில் சாம்பல் நிறப் புகையைப் பார்ப்பவர்களின் முகம் வாடுவது எனக்குப் பழகிப்போன காட்சி. மங்கலான ஒளியில் நம் கண் நிறம் பார்ப்பதில்லை. தொலைநோக்கியின் தவறில்லை அது.

மற்ற வானவரைபட மென்பொருள்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பழைய, மெதுவான கணினி என்றால் கார்ட் து சியல். பார்க்க அழகாக இராது, ஆனால் இலேசானது, வரைபடம் அச்சிட நல்லது. பின்னாளில் கேமரா, மவுண்ட் எல்லாவற்றையும் கணினியிலிருந்தே ஓட்டும் ஆசை இருந்தால் கேஸ்டார்ஸ். கைபேசிக்கு ஸ்டெல்லேரியத்தின் கைபேசிப் பதிப்போ ஸ்கைசஃபாரியோ, இரண்டில் ஒன்று போதும். நிலவுக்கென்றே வர்ச்சுவல் மூன் அட்லஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அன்றைய இரவு வெளிச்சமும் இருளும் சந்திக்கும் கோட்டில் எந்தப் பள்ளங்கள் நிற்கின்றன என்று பெயரோடு காட்டும். சர்வதேச விண்வெளி நிலையம் எப்போது கடக்கும் என்பதற்கு ஹெவன்ஸ் அபவ் தளம். எதைத் திறந்தாலும் சிவப்புத் திரை வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். கண் முழுதாக இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரே ஒரு வெள்ளைத் திரை அதை நொடியில் கெடுத்துவிடும்.

சரி, கருவிக்கு வருவோம். முதல் கருவி பைனாகுலர் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அதையேதான் சொல்கிறேன், ஒரு திருத்தத்தோடு. 10x50 என்றால் 10 மடங்கு உருப்பெருக்கம், 50 மில்லிமீட்டர் முன் லென்ஸ். ஐம்பதைப் பத்தால் வகுத்தால் வரும் 5 மில்லிமீட்டர்தான் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம். 7x50-ல் அது 7 மில்லிமீட்டருக்கு மேல். நல்ல இருட்டில், இளம் வயதில் கண்பாவை அவ்வளவு விரியும். நகர வானத்தில் அவ்வளவு விரியாது; விரிந்தாலும் வானத்தின் வெளுப்புதான் கூடுதலாக உள்ளே வரும். அதனால் வீட்டுக்கு 10x50 அல்லது 8x42 போதும். 15x70, 20x80 எல்லாம் கையில் நிற்காது, முக்காலி வேண்டும். இனி என் திருத்தம்: 10x50-ஐயும் முக்காலியில் பொருத்துங்கள். மலிவான இணைப்பான் ஒன்று போதும். கையில் ஆடும்போது தெரியாத வியாழனின் நிலவுகள், நிலைத்து நின்றதும் தெளிவாகப் புள்ளி புள்ளியாக வந்து நிற்கும்.

தொலைநோக்கியில் முதலில் கேட்க வேண்டியது முன்பக்க விட்டம். ஒளி சேகரிப்பது விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 7 மில்லிமீட்டர் விரிந்த கண்ணோடு ஒப்பிட்டால் 150 மில்லிமீட்டர் ஆடி ஏறத்தாழ 460 மடங்கு ஒளியைச் சேர்க்கிறது. நுணுக்கம் பிரித்துக் காட்டும் திறனுக்கு டாஸ் எல்லை என்ற எளிய கணக்கு இருக்கிறது: 116-ஐ மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தால் வகுத்தால் விகலைகளில் விடை வரும். விகலை என்பது ஒரு பாகையின் 3600-ல் ஒரு பங்கு. 60 மில்லிமீட்டர் லென்ஸுக்கு இது 1.9 விகலை, 150-க்கு 0.77. வியாழனின் வட்டு 30 முதல் 50 விகலைக்குள்தான் இருக்கும் என்பதால் இந்த வித்தியாசம் கண்ணில் படும். செவ்வாய் இன்னும் கஞ்சன்: 2018-ல் 24 விகலைக்கு வந்தது, 2027 பிப்ரவரியில் நெருங்கும்போதுகூடச் சுமார் 14 விகலைதான்.

உருப்பெருக்கத்தை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம். ஆனால் விட்டத்தின் மில்லிமீட்டர் எண்ணைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போனால், பெரிதாகிய மங்கல்தான் மிஞ்சும். பெட்டியில் '525 மடங்கு', '675 மடங்கு' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால், உள்ளே இருப்பது 60 அல்லது 70 மில்லிமீட்டர் லென்ஸாக இருக்கும். அந்தப் பெட்டியைத் திருப்பி வைத்துவிடலாம். இன்னொரு பொறி கொஞ்சம் நுட்பமானது: குவியத் தூரம் 1000 மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கும், ஆனால் குழாயின் நீளம் அதில் பாதிதான் இருக்கும், விளக்கத்தில் 'நியூட்டோனியன்' (லென்ஸுக்குப் பதில் ஆடியால் ஒளி சேர்க்கும் வகை) என்றிருக்கும். நியூட்டோனியன் குழாய் அதன் குவியத் தூரத்துக்கு ஏறத்தாழ அதே நீளம் இருக்க வேண்டும். பாதி நீளம் என்றால், மலிவான கோள ஆடியையும் ஐபீஸ் குழாய்க்குள் ஒரு திருத்தும் லென்ஸையும் வைத்துச் செய்த வகை. கொள்கையளவில் அந்த அமைப்பில் தவறில்லை. மலிவுத் தயாரிப்பில் அந்தத் திருத்தும் லென்ஸ் சரியாக அமைவது அரிது, ஆடியை நேர்ப்படுத்துவதும் படாத பாடு.

வகைகளில், திறந்த மாடிக்கு என் தேர்வு 150 அல்லது 200 மில்லிமீட்டர் டாப்சோனியன். வேறு யோசனையே எனக்கு இல்லை. உள்ளே இருப்பது சாதாரண நியூட்டோனியன் தொலைநோக்கி; அதை மரப்பெட்டி போன்ற அடித்தளத்தில் வைத்து, மேலும் கீழும், இடமும் வலமும் கையால் தள்ளும்படி செய்ததுதான் ஜான் டாப்சனின் பங்கு. சான் பிரான்சிஸ்கோவின் நடைபாதைகளில் தொலைநோக்கியை நிறுத்தி, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் வானம் காட்டியவர் அவர். பற்சக்கரமும் மோட்டாரும் இல்லாததால் செலவு முழுவதும் ஆடிக்கே போகிறது. 200 மில்லிமீட்டர் அளவில் குழாயும் அடித்தளமும் சேர்ந்து 20 கிலோ அளவுக்கு வரும். இரண்டு நடையாகத் தூக்கலாம். மூன்று மாடி ஏற வேண்டும் என்றால் 150 வாங்குங்கள். ஒளியில் இழப்பதைவிட, தூக்கச் சோம்பல்பட்டு வெளியே எடுக்காமல் விட்ட இரவுகளில் இழப்பதுதான் அதிகம்.

பால்கனிக்கு 90 முதல் 127 மில்லிமீட்டர் வரையான மக்சுடோவ், அதாவது ஆடியும் லென்ஸும் சேர்ந்த வகை. குழாய் குட்டை, குவியத் தூரம் நீளம், கிரகங்களுக்கும் நிலவுக்கும் இரட்டை விண்மீன்களுக்கும் கூர்மையான படம். அகன்ற வானம் மட்டும் அதில் கிடைக்காது. கார்த்திகைக் கூட்டம் முழுதாக ஒரே பார்வையில் அடங்காது. அதற்கு உங்களிடம் பைனாகுலர் இருக்கிறதே. 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள லென்ஸ் தொலைநோக்கி எடுத்தவுடன் பயன்படுத்தலாம், பராமரிப்பு குறைவு. மலிவானதில் பிரகாசமான பொருளைச் சுற்றி ஊதா விளிம்பு தெரியும். ஆடியும் லென்ஸும் சேர்ந்த இன்னொரு வகையான ஷ்மிட்-காஸெக்ரேன் நல்ல கருவி, ஆனால் முதல் கருவியாக வாங்கச் சொல்ல மாட்டேன்.

மவுண்டைப் பற்றி எழுதினால் நிறுத்த மனம் வராது, சுருக்கப் பார்க்கிறேன். குழாய் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தாங்கும் கால் ஆடினால் எல்லாம் வீண். கடையிலோ நண்பர் வீட்டிலோ பார்க்க முடிந்தால், குழாயின் பக்கவாட்டில் விரலால் ஒரு தட்டு தட்டி, படம் எத்தனை நொடியில் அடங்குகிறது என்று எண்ணுங்கள். இரண்டு, மூன்று நொடி பரவாயில்லை. ஐந்தைத் தாண்டினால், ஃபோகஸ் செய்ய ஒவ்வொரு முறை கை வைக்கும்போதும் எரிச்சல்தான். மலிவான பொதிகளில் வரும் சின்ன ஈக்வடோரியல் மவுண்டுகள் பெரும்பாலும் இந்தத் தேர்வில் தோற்கும்.

பூமி சுழல்வதால் வானம் நொடிக்கு 15 விகலை நகர்கிறது. 200 மடங்கில், 50 பாகை தோற்றப் பரப்புள்ள ஐபீஸில், கால் பாகை வானம்தான் தெரியும். வான நடுக்கோட்டுக்கு அருகிலுள்ள ஒரு கிரகம் அதை ஒரே நிமிடத்தில் கடந்துவிடும். டாப்சோனியனில் கையால் தள்ளிக்கொண்டே பார்க்க வேண்டும். ஒரு வாரத்தில் கை பழகிவிடும். தானே பொருளைத் தேடிப்போகும் கோ-டூ வேண்டுமா என்றால், நகரத்தில் வேண்டும் என்பது என் இப்போதைய கருத்து. இருண்ட வானத்தில் விண்மீன் விட்டு விண்மீன் தாவிப் போய்த் தேடுவது இன்பம். நகரத்தில் தாவுவதற்குப் படிக்கட்டாக இருக்க வேண்டிய நான்காம், ஐந்தாம் ஒளித்தர விண்மீன்களே (ஒளித்தர எண் கூடக்கூட விண்மீன் மங்கல்) தெரியாது. இதற்கு மோட்டாரும் தேவையில்லை: கைபேசிக் கேமரா எடுக்கும் வானப் படத்தை விண்மீன் பட்டியலோடு ஒப்பிட்டு, 'இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளு' என்று திரையில் அம்புக்குறி காட்டும் ஸ்டார்சென்ஸ் போன்ற அமைப்புகள் வந்துவிட்டன. அதோடு, குழாயைக் குறிபார்க்க, உருப்பெருக்கம் இல்லாத சிவப்புப் புள்ளி ஃபைண்டர் ஒன்று கட்டாயம்.

ஐபீஸ் கணக்கு சுலபம்: தொலைநோக்கியின் குவியத் தூரத்தை ஐபீஸின் எண்ணால் வகுத்தால் உருப்பெருக்கம். 1200 மில்லிமீட்டர் டாப்சோனியனில் 25 போட்டால் 48 மடங்கு, 10 போட்டால் 120, 6 போட்டால் 200. இந்த மூன்று எண்ணும் வீட்டுக்குப் போதும். பன்னிரண்டு ஐபீஸ் உள்ள அலுமினியப் பெட்டி வாங்கினால் மூன்றைத் தவிர மற்றவை பெட்டியிலேயே தூங்கும். கூட வரும் 4 மில்லிமீட்டர் ஐபீஸின் துளை ஊசி முனைபோல இருந்தால் அதை மறந்துவிடுங்கள். கண்ணாடி அணிபவர்கள், கண்ணுக்கும் ஐபீஸுக்கும் இடையே 15 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தரும் வகையைத் தேடுங்கள். நியூட்டோனியனுக்கு ஆடிகளை நேர்ப்படுத்த எளிய செஷயர் குழாய் ஒன்று. லேசர் வாங்கலாம், மலிவு லேசரே முதலில் நேர்ப்படவேண்டிய நிலையில்தான் வரும், அதனால் நான் பரிந்துரைப்பதில்லை.

வீட்டிலிருந்து பார்ப்பவர்களின் உண்மையான எதிரி சூடு. ஒளி மாசைக் குற்றம் சொல்கிறோம். ஆனால் கிரகம் பார்க்க ஒளி மாசு தடையே இல்லை, வியாழன் தெருவிளக்கைப் பொருட்படுத்துவதில்லை. பகல் முழுவதும் வெயில் குடித்த கான்கிரீட் நள்ளிரவு வரை அதை மூச்சாக வெளியே விடும். அந்தச் சூடான காற்று மேலே எழும்போது, ஓடைக்கு அடியில் கிடக்கும் கூழாங்கல்போல் கிரகத்தின் வட்டு நெளியும். இதைத்தான் சீயிங் சரியில்லை என்கிறோம். பக்கத்து வீட்டு ஏ.சி.யின் வெளிப்பகுதிக்கு மேலாகப் பார்ப்பதைத் தவிருங்கள். கூரைகளுக்கு மேலே தாழ்வாக இருக்கும் பொருளை விட்டுவிட்டு உயர ஏறியதைப் பாருங்கள். பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகு, விடியலுக்கு முன் காற்று அமைதியாக இருக்கும். தொலைநோக்கியை முக்கால் மணி நேரம் முன்பே வெளியே வைத்து, ஆடி வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு வர விடுங்கள். மூடிய சன்னல் கண்ணாடி வழியாகப் பார்ப்பது எந்த நாளிலும் பலன் தராது. திறந்த சன்னல் வழியாகப் பார்த்தாலும் அறைக்காற்றும் வெளிக்காற்றும் அங்கேதான் கலக்கும். வானிலையை முன்கூட்டிப் பார்க்க மீட்டியோபுளூ தளத்தில் சீயிங்குக்கென்று தனிப் பக்கம் இருக்கிறது. அதை நான் பார்ப்பேன், முழுதாக நம்பமாட்டேன்.

ஒளி மாசை வடிகட்டி நீக்கிவிடலாம் என்று விற்கும் ஃபில்டர்களில் எச்சரிக்கை தேவை. பழைய சோடியம் விளக்குகள் குறிப்பிட்ட சில அலைநீளங்களில்தான் ஒளிர்ந்தன. அவற்றை மட்டும் வெட்ட முடிந்தது. எல்.இ.டி. விளக்கு நிறமாலை முழுவதும் பரவுகிறது, வெட்டினால் விண்மீனின் ஒளியும் சேர்ந்து போகும். விதிவிலக்கு வாயு நெபுலாக்கள். அவை 500.7 நானோமீட்டர் ஆக்சிஜன் கோட்டிலும் 656.3 ஹைட்ரஜன் கோட்டிலும் குவிந்து ஒளிர்வதால், குறுகிய ஆக்சிஜன்-3 ஃபில்டர் கண்ணால் பார்ப்பவருக்கு உண்மையிலேயே உதவும். விண்மீன் திரள்களுக்கு (கேலக்ஸிகளுக்கு) எந்த ஃபில்டரும் உதவாது. இருண்ட இடத்துக்குப் போவதுதான் வழி.

இப்போது ஸ்மார்ட் தொலைநோக்கி. சீஸ்டார் எஸ்50-ஐ எடுத்துக்கொள்வோம்: 50 மில்லிமீட்டர் லென்ஸ், 250 மில்லிமீட்டர் குவியத் தூரம், உள்ளேயே கேமரா, கணினி, மோட்டார். தரையில் வைத்துக் கைபேசியில் ஒரு பெயரைத் தட்டினால், வானத்தைப் படமெடுத்துத் தான் எங்கே பார்க்கிறோம் என்று தானே கண்டுபிடித்து, பொருளுக்குப் போய், 10 நொடிப் படங்களாக எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகும். படங்கள் கூடக்கூட இரைச்சல் குறையும்: நூறு படத்தை அடுக்கினால் இரைச்சல் பத்தில் ஒன்றாகும். நகர மாடியிலிருந்து, 200 மில்லிமீட்டர் டாப்சோனியனில் கண்ணுக்கே தட்டுப்படாத திரளின் சுருள் கைகளை இந்தச் சின்னப் பெட்டி அரை மணி நேரத்தில் காட்டிவிடுகிறது. இதை மட்டமாகப் பேசும் மூத்த ஆர்வலர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஆனால் கிரகத்துக்கு இது ஆகாது. அதன் சென்சாரில் ஒரு பிக்சல் சுமார் 2.4 விகலை வானத்தைப் பிடிக்கிறது. வியாழன் அதிகபட்சம் இருபத்தொரு பிக்சல் அகலத்துக்குள் அடங்கிவிடும். சனியின் வளையம் இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். அந்த வளையமே 2025 மார்ச்சில் நமக்கு விளிம்பைக் காட்டி ஏறத்தாழ மறைந்துபோய், இப்போது ஆண்டுக்காண்டு மீண்டும் விரிந்துகொண்டு வருகிறது. 2032 வாக்கில் முழு அகலத்துக்கு வரும். அதை ஐபீஸ் வழியாக, தன் கண்ணால் நேரடியாகப் பார்க்க வேண்டும் என்று நினைப்பவர் டாப்சோனியன் அல்லது மக்சுடோவ் பக்கம் வாருங்கள். நெபுலாவும் திரளும் படமாக வேண்டும், நேரம் குறைவு, முதுகு வலி என்பவர் ஸ்மார்ட் பக்கம் போங்கள். ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

கையிலிருக்கும் தொலைநோக்கியில் படமெடுக்கக் கைபேசிப் பிடிப்பான் ஒன்றில் தொடங்கலாம். நிலவுக்கு அது தாராளம். கிரகத்துக்குப் படத்தைவிடக் காணொளி நல்லது. காற்று நெளிகிறது என்றேன் அல்லவா? ஆயிரக்கணக்கான பிரேம்களில் சில, காற்று அசையாத கணத்தில் விழுந்திருக்கும். ஆட்டோஸ்டேக்கர்ட் என்ற இலவச மென்பொருள் பிரேம்களைத் தரம் பிரித்து, நல்லவற்றை மட்டும் அடுக்கும். பிறகு ரெஜிஸ்டாக்ஸில் கூர்மையேற்றலாம். கூர்மையேற்றும் நெம்புகோலைக் கொஞ்சம் அதிகமாகத் தள்ளினால் இல்லாத பட்டைகள் வியாழனில் முளைக்கும், கை அடக்கம் வேண்டும். கைபேசி போதவில்லை என்றானதும் யூ.எஸ்.பி.யில் இணையும் சின்ன வானியல் கேமரா வாங்கி, ஷார்ப்கேப் அல்லது ஃபயர்கேப்சரில் பதிவு செய்யுங்கள். வியாழன் 9 மணி 55 நிமிடத்தில் ஒருமுறை சுற்றுவதால், இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் நீளும் காணொளியில் விவரங்கள் இழுபடும்.

நெபுலா, திரள் போன்றவற்றை முறையாகப் படமெடுப்பது தனி உலகம். அங்கேதான் ஈக்வடோரியல் மவுண்டுக்கு உண்மையான வேலை. மென்பொருளைப் பொறுத்தவரை காசு கொடுக்காமலே முழுப் பாதையும் இருக்கிறது: விண்டோஸில் நீனா கேமராவையும் மவுண்டையும் நடத்தும், பிஹெச்டி2 விண்மீனைப் பின்தொடர்ந்து பிழை திருத்தும், அஸ்டாப் எடுத்த படம் வானத்தின் எந்த இடம் என்று கண்டுபிடிக்கும், சிரில் அடுக்கி மெருகேற்றும். கருவிகள் இவற்றோடு பேச ஆஸ்காம் என்ற இடைநிலை நிரல் வேண்டும். லினக்ஸ்காரர்களுக்கு இதே வேலையை கேஸ்டார்ஸுக்குள் இருக்கும் ஈகோஸும் இண்டியும் செய்கின்றன. துருவம் மறைந்த பால்கனிக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி: நீனாவில் மூன்று புள்ளித் துருவ நேர்ப்படுத்தல் என்ற செருகுநிரல், வானத்தின் வேறு பகுதியில் மூன்று படம் எடுத்தே மவுண்டை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று சொல்லிவிடும். இவற்றையெல்லாம் மழைநாளில், வீட்டுக்குள், கேபிள் போட்டு ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். தெளிந்த இரவில் டிரைவர் நிறுவிக்கொண்டு உட்காரக் கூடாது.

சூரியனைப் பற்றி ஒன்று, விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஃபில்டர் எப்போதும் தொலைநோக்கியின் முன்வாயில் இருக்க வேண்டும். கண்ணால் பார்ப்பதற்கான தாள் ஒளியில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கை மட்டுமே விடும் வகையாக இருக்க வேண்டும். ஐபீஸில் திருகும் சின்னக் கறுப்புக் கண்ணாடி குவிந்த வெப்பத்தில் வெடிக்கும், அப்போது கண் தப்பாது. அது பெட்டியில் வந்தால் உடைத்துக் குப்பையில் போடுங்கள். கிரகணக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொலைநோக்கிக்குள் பார்ப்பதும் அதே அளவு ஆபத்து. ஃபைண்டரையும் மூடிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. 'வீட்டிலிருந்து செய்வதில் யாருக்காவது உபயோகம் உண்டா?' என்ற கேள்வியும் இத்தோடு வழக்கமாக வரும். உண்டு, அதுவும் பைனாகுலரோடு. மாறொளி விண்மீன்களின் வெளிச்சத்தைக் கணித்துப் பதிவு செய்யும் வேலையை 1911-ல் தொடங்கிய ஏ.ஏ.வி.எஸ்.ஓ. என்ற அமெரிக்கச் சங்கம் உலகெங்கும் உள்ள ஆர்வலர்களிடமிருந்து பதிவுகளை வாங்கிச் சேர்த்துவருகிறது. பழக ஏற்றது பெர்சியஸ் விண்மீன் குழுவிலுள்ள அல்கால். 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை அதன் துணை விண்மீன் குறுக்கே வந்து மறைக்க, ஒளித்தரம் 2.1-லிருந்து 3.4-க்கு இறங்கி மீண்டும் ஏறும். முழு நிகழ்வும் பத்து மணி நேரத்தில் முடியும். நகர வானத்திலும் தெரியும். அருகிலுள்ள எப்சிலான் பெர்சியை (2.9) விட மங்கலா, கப்பா பெர்சியை (3.8) விடப் பிரகாசமா என்று ஒப்பிட்டு, இடைப்பட்ட எண்ணை மதிப்பிட வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் ரோ பெர்சியை ஒப்பிட எடுக்காதீர்கள், அதுவும் மாறொளி விண்மீன்தான். ஒப்பீட்டு விண்மீன்களோடு வரைபடத்தைச் சங்கத்தின் தளமே போட்டுத் தரும். நேரத்தை உள்ளூர் நேரத்தில் அல்லாமல் உலக நேரத்தில் குறித்து அனுப்புங்கள்.